முடிச்சில்லாப் பாவாடை

1

நம் ஊர்ப் பத்திரிகையில் நீங்கள் இதைப் படிக்கும்போது ஆனித் தேர் நிலைக்கு வந்து சேர்ந்து, வடம் பிடித்த உள்ளங்கைகளில் தோல் உரிந்து, அதுவும் ஆறியிருக்கும். தேரன்று காலையில் இங்கே பினாங்கில் நான் பார்த்துக்கொண்டிருந்த வேலை வேறு. தையல் மிஷின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாவாடை மடிப்புக்குள் புகுந்து காணாமல்போன ஓர் ஊக்கைத் தேடிக்கொண்டிருந்தேன்.

‘மெட்ரிகுலேஷன் தேறிக் கப்பல் ஏறின பையன் அங்கே என்ன உத்தியோகம் பார்க்கிறான்?’ என்று ரத வீதியில் என் அப்பாவைக் கேட்பவர்கள் உண்டு. துறைமுகக் கச்சேரி என்று அவர் சொல்லிவைத்திருக்கிறார். பாதி உண்மைதான். துறைமுகக் கச்சேரி வாசலில் உள்ள பெஞ்சியை என் அளவுக்குத் தேய்த்தவர் வேறு யாரும் இல்லை. நான் நல்ல நடத்தையுள்ளவன் என்பதற்கு ஊரிலிருந்து ஒரு சான்று வேண்டும் என்றார்கள். வந்தது. முத்திரை மங்கலாக இருக்கிறது, மறுபடி வாங்கி வா என்றார்கள். சான்று திரும்பக் கப்பல் ஏறிற்று. ஆகவே, இதை எழுதும் நேரத்தில் என் நடத்தை நடுக்கடலில் இருக்கிறது.

நான் தங்கியிருப்பது அக்கா வீட்டில். அத்தான் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. கோட்டு, கால்சட்டை, முழங்கால்வரை காலுறை எல்லாம் போட்டுக்கொண்டு போவார். வீட்டுக்கு வந்ததும் வேட்டிக்கு மாறிப் பெருமூச்சு விடுவார். அவர்களுக்கு ஒரே மகள், கோமதி. ஏழு வயது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வேண்டாம் என்பதை மலாயில் “தா மாவ்” என்று சொல்வாள். அக்கா அகப்பையை ஓங்கினால் உடனே தமிழுக்கு வந்துவிடுவாள்.

2

வினை தொடங்கியது ஒரு முடிச்சில்.

ஊரில் தேர் நாளன்று தாய்மார் பெண்பிள்ளைகளுக்குப் பாவாடை கட்டிவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூட்டத்தில் எவன் மிதித்தாலும் எவள் இழுத்தாலும் பாவாடை நழுவக் கூடாது. அதனால் நாடாவை இறுக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டு, நுனியை உள்ளே செருகிவிடுவார்கள். பிள்ளை இரவு வீடு திரும்பும்வரை அது தாயைத் தவிர வேறு யார் கைக்கும் அவிழாது. அந்த முடிச்சை எங்கள் அக்கா வருஷம் முழுவதும் போடுவாள். பினாங்கில் தேர் இல்லை, வடம் இல்லை, மிதிக்கிற கூட்டமும் இல்லை. முடிச்சு மட்டும் கப்பலேறி வந்துவிட்டது.

கோமதி படிப்பது வெள்ளைக்காரத் துரைசானிகள் நடத்தும் பெண்கள் பள்ளி. அங்கே ஒரு நாள் அவசரத்துக்கு ஒதுங்கப்போன பிள்ளைக்கு முடிச்சு அவிழவில்லை. கூடப்போன சீனத்துப் பிள்ளை முயன்றாள், முடியவில்லை. வகுப்பு ஆசிரியை நகத்தால் நோண்டிப் பார்த்தாள், நகம் ஒடிந்தது. பிள்ளை அழத் தொடங்க, அந்த அம்மாள் கத்திரிக்கோலை எடுத்து நாடாவை வெட்டிவிட்டாள். அதுவும் இரண்டாம் தடவை. முதல் தடவை நடந்ததைக் கோமதி வீட்டில் சொல்லவே இல்லை. நாடா அறுந்துபோயிற்று என்று சமாளித்திருக்கிறாள்.

அன்று மாலை கோமதியை அழைத்துவரப் போன என்னிடம் தலைமைத் துரைசானி நேரிலேயே சொன்னாள். இனி இந்த உடுப்போடு வரக் கூடாது. கவுன் போட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் அனுப்ப வேண்டாம்.

நான் வீட்டில் வந்து ஒப்பித்ததும் அக்கா அடுப்பை விட்டு எழுந்தாள்.

“பொம்பளப் பிள்ள இடுப்புல கத்திரிய வச்சாளாமா? அவ என்ன அம்பட்டச்சியா?”

“வெட்டலைன்னா பிள்ள அங்கனயே நனைச்சிருப்பாக்கா.”

“நனைக்கட்டுமே! நனைஞ்சா காயும். வெட்டுனது ஒட்டுமா? இதுல கவுனு வேற போடணுமாம். முட்டியத் தொறந்து போட்டுக்கிட்டு எம்மவ தெருவுல போவணுமா?”

அத்தான் சாய்வு நாற்காலியிலிருந்து பைய, “போடட்டுமே, சின்னப் பிள்ளதானே” என்றார்.

“உங்களுக்கென்ன? உங்க முட்டிக்கு மேல கால்சட்டை, கீழ காலுறை எல்லாம் கெடக்கு.”

அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கவுன் கிடையாது. முடிச்சில்லாமல் பாவாடையும் கிடையாது. ஆகையால் பள்ளிக்கூடமும் கிடையாது. அடுத்த கப்பலில் கோமதி ஊருக்குப் போய் அம்மா அப்பாவிடம் வளரட்டும். வயதுக்கு வரும்வரை அங்கே நிம்மதியாக இருப்பாள்.

“யார் கூட்டிட்டுப் போவா?” என்று கேட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். வேலைவெட்டி இல்லாமல் வீட்டில் இருப்பவன் ஒருவன்தானே. கோமதியின் ஆங்கில அட்சரங்களோடு சேர்த்து என் கடல் கடந்த வாழ்வும் முடியப்போகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரத வீதியில் அப்பா கடைக்கு முன்னால் நான் பெட்டியோடு இறங்குவதையும், எதிர்க்கடை அண்ணாச்சி “என்னவே, துறைமுகம் பிடிக்கலையோ?” என்று கேட்பதையும் நினைத்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்குக் கல்வி எவ்வளவு அவசியம் என்பது அந்தக் கணத்தில் எனக்கு மிகத் தெளிவாக விளங்கிற்று.

3

அத்தான் தம் கச்சேரியிலிருந்து பழைய இங்கிலீஷ் மாதப் பத்திரிகைகளைக் கொண்டுவருவார். நான் விளம்பரம்வரை விடாமல் படிப்பவன். சீமைப் பெண்கள் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே உடுப்புத் தைக்கும் விதம் ஒன்றில் வந்திருந்தது. அதில் முடிச்சே இல்லாத ஒரு பாவாடை. நாடாவுக்குப் பதில் இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் ரப்பர் நாடா. பிள்ளை தானே ஏற்றிக்கொள்ளலாம், தானே இறக்கிக்கொள்ளலாம். படம் வேறு போட்டிருந்தார்கள்.

நான் துள்ளிக் குதித்து அக்காவிடம் ஓடினேன்.

“இழுத்தா நீளுதது இடுப்புல எப்பிடிலே நிக்கும்?”

“விட்டா சுருங்குதுல்லா, அதான் நிக்கும்.”

“நடு வீதியில வச்சு நீண்டுச்சுன்னா?”

சாஸ்திரம் தெரிந்தவனுக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கஷ்டம். கணுக்கால்வரை இருக்கும், பார்வைக்கு அசல் பாவாடைதான், துரைசானிக்கும் முடிச்சுத்தான் விரோதமே தவிரப் பாவாடை விரோதமில்லை என்று படபடவென்று அடுக்கினேன். அரை மணி நேர வாதத்தில் அக்கா கொஞ்சம் இளகினாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். தேருக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. தேருக்குத் தாய்மாமன் பாவாடை எடுத்துக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே இந்தப் பாவாடை மாமன் சீராகவே வரட்டும். புதுத் துணியில்.

மாமன் கையில் சல்லி இல்லை. அத்தான் துணி வாங்கித் தரத் தயார்தான். ஆனால் தகப்பன் எடுத்தால் அது மாமன் சீர் ஆகாது. எனக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளத்தக்க துணி அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அம்மா ஊரிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய்ச் சாடிகளை உடையாமல் பொதிந்து அனுப்பிய துண்டுத் துணிகள். அப்பாவின் ஜவுளிக்கடையில் வெட்டி மிஞ்சியவை. நீலக் கட்டம் ஒன்று, சிவப்புக் கோடு ஒன்று.

அவற்றை விரித்துக் காட்டியதும் அக்கா முகம் கடுத்துவிட்டது. காரணம் ஊரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கடையில் மிஞ்சிய துண்டைக் கடைக்காரர் வீட்டுப் பெண்கள் உடுத்துவதில்லை. அதே கட்டத்தில் சேலை எடுத்துப் போனவள் பார்த்தால் என்ன நினைப்பாள்? ‘நான் வாங்கின துணியில் அளவைக் குறைத்து, மகளுக்குப் பாவாடை தைத்துவிட்டார்’ என்றல்லவா? அதனால் எங்கள் வீட்டுத் துண்டுத் துணி எல்லாம் வருஷக் கடைசியில் யாருக்காவது போய்விடும். பத்துக் கெஜம் மிஞ்சினாலும் அதில் ஒரு ரவிக்கைகூட எங்கள் வீட்டில் தைத்ததில்லை.

“இங்கன அப்பாகிட்ட சேலை எடுத்தவ யாருக்கா இருக்கா?”

“சூலியா தெருவுல பாதி நம்ம ஊரு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனா மீதியும் வந்து நிக்கும். கண்டுபிடிச்சிருவாளுவலே.”

“கடல் தாண்டி வந்து கெஜக்கோல் வச்சா அளப்பா?”

“நீ பொம்பளையப் பத்தி ஒண்ணும் படிக்கல.”

கடைசியில் நான் வக்கீல் வேலை பார்த்தேன். அம்மா அந்தத் துணியைத் துணியாக அனுப்பவில்லை, பொதியாக அனுப்பியிருக்கிறாள். கடையிலிருந்து பொதிக்கு வந்த அன்றே அது துண்டுத் துணி என்ற பட்டத்தை இழந்துவிட்டது. பிறந்த வீட்டிலிருந்து கடல் கடந்து வந்திருப்பதால் அது சீர்த்துணியே. அத்தான் நாற்காலியிலிருந்து, “ஐகோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி இருக்கு வே” என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் மறுக்க முடியவில்லை.

“ஊறுகா வாடை போக நாலு தண்ணியில அலசு” என்று மட்டும் சொன்னாள்.

4

இந்தப் பாவாடையில் வித்தை ஒன்றும் இல்லை. இடுப்பளவைப்போல் இரண்டு பங்கு அகலத்தில் துணி. நீலக் கட்டம் நீளத்துக்குப் போதாததால் அடியில் சிவப்புக் கோட்டை ஒட்டுப்போட்டேன். கரை வைத்ததுபோல் அழகாகவே அமைந்தது. இரு ஓரத்தையும் மூட்டினால் ஒரு பெரிய குழாய். மேல் விளிம்பை மடித்து, நாடா ஓடும்படி இடம் விட்டுச் சுற்றித் தைக்க வேண்டும். அதில் கொஞ்சம் தைக்காமல் திறந்து விட வேண்டும். அந்த வழியாகத்தான் நாடா உள்ளே போகும். நான் உற்சாகத்தில் சுற்றி முழுவதும் தைத்து, நூலையும் கத்தரித்து, “முடிஞ்சிட்டு!” என்று கூவினேன்.

“மாமா, நாடா எந்த வாசல் வழியா போவும்?” என்று கோமதி கேட்டாள்.

வாசலைப் பிரித்தேன். அடுத்தது நாடா. ரப்பர் நாடா தேடிச் சீனர் கடை, குஜராத்தியர் கடை எல்லாம் ஏறி இறங்கினேன். நூல் கனத்தில் இருந்ததே தவிர, இடுப்பைத் தாங்கும் அகலத்தில் கிடைக்கவில்லை. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் தோட்டம் தோட்டமாக நம் ஆட்கள்தான் விடியுமுன் எழுந்து ரப்பர் மரத்தில் பால் எடுக்கிறார்கள். அது சீமைக்குப் போய், நாடாவாகி, காகித உறையில் படுத்துத் திரும்பி வந்தால்தான் ஒரு பாவாடையைத் தூக்கி நிறுத்த முடியும். அந்த உறையும் அடுத்த கப்பலில் வரும் என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டிலோ அடுத்த கப்பலுக்கு வேறு திட்டம் இருந்தது.

அத்தானின் காலுறைகள் சரியாதபடி முழங்காலுக்குக் கீழே பிடித்திருப்பவை இரண்டு ரப்பர் வார்கள். நல்ல அகலம். நல்ல பிடி. மேலே நான் எழுத வேண்டியதில்லை.

இரண்டையும் இணைத்துக் கோமதியின் இடுப்பளவுக்கே வெட்டி மாட்டிப் பார்த்தேன். பாவாடை கால் வழியே இறங்கி ஓடிற்று. இடுப்பைவிடக் குறைவாக இருந்தால்தான் அது இறுக்கும் என்று பிறகு யோசித்துக் கண்டுபிடித்தேன். மறுபடி நுனியில் ஊக்கைக் குத்தி, மடிப்புக்குள் தள்ளித் தள்ளிக் கொண்டுபோகையில் பாதி வழியில் ஊக்கு வாயைத் திறந்துகொண்டு உள்ளேயே தங்கிவிட்டது.

“மாமா, பாம்பு பொந்துக்குள்ள போயிட்டு!” என்று கோமதி கை தட்டினாள். அதுதான் நான் முதலில் சொன்ன தேரன்று காலை.

அந்த நேரத்தில் உள்ளறையிலிருந்து அத்தானின் குரல் வந்தது.

“ஏய், என் காலுறை வாரு எங்க?”

“அலமாரியில பாருங்க” என்றாள் அக்கா.

“அலமாரியில இல்ல.”

“அப்போ கால்ல பாருங்க.”

அன்று அவர் துரையின் அறைக்குள் போய்க் கணக்கு ஒப்பிக்கையில் இரண்டு காலுறைகளும் பைய இறங்கிச் பூட்ஸின்மேல் சுருண்டுகொண்டனவாம். சாயங்காலம் வந்ததும் கோமதியைப் பார்த்தார். அவள் புதுப் பாவாடையோடு கூடத்தில் சுற்றிச் சுற்றி வந்தாள். மேலே இழுத்தாள், விட்டாள். ‘டப்’ என்று சத்தம். மறுபடி இழுத்தாள், விட்டாள். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“என்னவே” என்றார் என்னிடம், “சீர் மாமனுது, வாரு தகப்பனுது. கணக்கு எப்பிடி?”

5

தலைமைத் துரைசானிக்குப் பரம திருப்தி. கோமதியின் இடுப்பில் ஒரு விரலை விட்டு இழுத்துப் பார்த்து, யார் தைத்தது என்று என்னையே கேட்டாள். வீட்டில் தைத்தது என்றேன். மெட்ரிகுலேஷன் என்று சொல்ல வாய்வரை வந்தது. இடம் சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

தினமும் காலையில் கோமதியைக் கொண்டுவிடுவது என் உத்தியோகம். புதுப் பாவாடை வந்த பிறகு அவள் பள்ளித் தெரு முனையிலேயே, “நீ இங்கனயே நில்லு மாமா, நான் போயிருதேன்” என்று சொல்லத் தொடங்கினாள். எனக்குச் சுருக்கென்றது. என் குடுமியைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்போலும் என்று நினைத்தேன். புலம்பெயர்ந்த வீட்டில் பிள்ளைகள் எப்படி நம்மைவிட்டு விலகிப் போகிறார்கள் என்று உங்களுக்கு ஒரு கட்டுரை எழுதுவதாக இருந்தேன். முதல் பாரா சிந்தித்தும் வைத்திருந்தேன். மிகவும் சோகமான பாரா.

வெள்ளிக்கிழமை அக்காவும் நானும் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு நடந்து வந்தோம். மழை விட்டிருந்தது. வழியில் பள்ளிக்கூடத்தின் பின்புறம், செம்பருத்தி வேலி. உள்ளே பிள்ளைகளின் கூச்சல். அக்கா நின்றாள்.

இரண்டு பிள்ளைகள் கயிற்றின் இரு முனையைப் பிடித்துச் சுழற்ற, நடுவில் ஒவ்வொருத்தியாக வந்து குதித்தார்கள். கவுன் போட்ட சீனத்துப் பிள்ளை ஒருத்தி, வெள்ளைக்காரக் கலப்புள்ள சட்டைக்காரப் பிள்ளை ஒருத்தி. அடுத்து வந்தவள் ஒரு விநோத உடுப்பில் இருந்தாள். பாவாடை அக்குளுக்குக் கீழே தொடங்கிற்று, முழங்காலில் முடிந்தது. நீலக் கட்டம், அடியில் சிவப்பு.

“யாருலே அது?”

“யாரு?”

“நடிக்காத லே. நீ தச்ச துணி உனக்குத் தெரியாதா?”

தெரு முனை ரகசியம் அப்போது எனக்குப் புரிந்தது. முனையில் என்னை நிறுத்திவிட்டு, தெரு திரும்பியதும் பாவாடையை மேலே இழுத்துக் கொள்வது. மாலையில் முனைக்கு வருமுன் கணுக்காலுக்கு இறக்கிவிடுவது. ரப்பர் அதற்கு மறுப்புச் சொல்லவே இல்லை. முடிச்சு போட்ட பாவாடையில் நடக்குமா இது? ஒரு பக்கம் என் குடுமிக்கு இழுக்கில்லை என்ற ஆறுதல். இன்னொரு பக்கம், அடுத்த கப்பல் கண்ணுக்குத் தெரிந்தது. பெட்டி, எதிர்க்கடை அண்ணாச்சி எல்லாம்.

“அக்கா, நான் சொல்லிக் கண்டிச்சிருதேன். வாரு ஓரத்துல ஒரு நாடா வச்சு…”

“சும்மா இருலே.”

அவள் வேலிக் கம்பைப் பிடித்திருந்தாள். கோமதி குதித்துக்கொண்டிருந்தாள். கயிறு வேகம் பிடித்தது. சீனத்துப் பிள்ளை தவறிய வேகத்தையும் தாண்டிற்று. அக்காவின் உதடு ஒவ்வொரு குதிப்புக்கும் அசைவதைப் பார்த்தேன். எண்ணுகிறாள். கோமதியின் கால் தட்டிக் கயிறு நின்றபோது அக்காவின் வாயிலிருந்து “ச்சே” என்று வந்தது. அது முழங்காலுக்காகச் சொன்னது அல்ல என்பதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

“இன்னும் கொஞ்சம் நின்னிருப்பா, மூதி” என்றாள். “அக்குள் வரைக்கும் இழுத்து இறுக்கிக்கிட்டா மூச்சு எப்பிடிலே வரும்?”

அவள் வேலிக் கம்பை விட்டுத் திரும்பினாள்.

“வா, போவோம். நாம பாத்தது அவளுக்குத் தெரிய வேண்டாம்.”

பாதி வழியில் கேட்டாள். “அந்த நீலத்துல மிச்சம் இருக்கா?”

“கொஞ்சம் இருக்கு. முழுசுக்குப் பத்தாது.”

“பத்த வேண்டாம். முட்டிக்குக் கீழ நாலு விரல் இருந்தாப் போதும். அத்தான் கேட்டா துணி அவ்வளவுதான் இருந்துச்சுன்னு சொல்லு. இடுப்பை மட்டும் இடுப்புலயே நிக்கிற மாதிரித் தை.” கொஞ்ச தூரம் போனபின், “கப்பல் கம்பெனிக்காரன்ட்ட சீட்டுக்கு அவுக ஒண்ணும் சொல்லி வச்சிருக்கலைல்லா?” என்றாள்.

“சொல்லலை.”

“சொல்ல வேண்டாம்னு சொல்லிரு.”

வீட்டில், சாயங்காலம் கணுக்கால்வரை பாவாடையோடு மிக அடக்கமாக வந்து நின்ற கோமதியிடம் அக்கா, “பள்ளிக்கூடத்துல என்ன செஞ்சே?” என்று கேட்டாள்.

“படிச்சேன்” என்றாள் கோமதி.

“நல்லாப் படி” என்றாள் அக்கா.

6

இரண்டாவது பாவாடைக்குள் கப்பல் வந்து, சீனர் கடைக்கு ரப்பர் நாடா உறையும் வந்துவிட்டது. அத்தானுக்குக் காலுறை பற்றிய பயம் இல்லை. இந்த முறை வாசல் விட்டுத் தைத்தேன், ஊக்கும் தொலையவில்லை. முழங்காலுக்குக் கீழே சரியாக நாலு விரல், அக்காவே விரல் வைத்துப் பார்த்தாள். அத்தான் பார்த்துவிட்டு, “கொஞ்சம் குட்டையா இருக்கே” என்றார். துணி அவ்வளவுதான் என்றோம் இருவரும் ஒரே குரலில். அவர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை தெரு முனையில் கோமதி வழக்கம்போல், “நீ இங்கனயே நில்லு மாமா” என்றாள்.

“இனி என்னத்துக்கு? இதான் குட்டையா இருக்குல்லா?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எவ்வளவு தெரிந்துவிட்டது என்று அளப்பதுபோல் இருந்தது. பிறகு ஓடினாள். நானும் நிற்காமல் சுவர் ஓரமாகப் பின்னால் போனேன்.

பள்ளி வாசலுக்கு வந்ததும் நின்றாள். இரண்டு கையாலும் பாவாடையைப் பிடித்து, முழங்காலுக்கு மேல் ஏறும்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.